பாஸ்போர்ட் இல்லாமல் கால்வெஸ்டனிலிருந்து கப்பல் பயணம்: எங்கள் வீட்டில் யாருக்கு எந்த ஆவணம் தேவைப்படும்?

தாமிரபரணி (டாலஸ்)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி, டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஐந்து நாள் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். கப்பல் மெக்சிகோவில் கோசுமெல், புரோக்ரெசோ ஆகிய இரண்டு இடங்களில் நின்றுவிட்டுத் திரும்பவும் கால்வெஸ்டனுக்கே வந்து சேருகிறது. டாலஸிலிருந்து துறைமுகம் வரை காரிலேயே செல்வதால் விமானப் பயணம் எதுவும் இல்லை. புறப்பட இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஐந்து விதமான நிலை. எனக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்திய பாஸ்போர்ட்டை இனிப் பயன்படுத்தக் கூடாது என்பதை அறிவேன். என் மனைவியின் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் அவரிடம் கிரீன் கார்டும் செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட்டும் இருக்கின்றன. மகளுக்குப் பதினேழு வயது. திருநெல்வேலியில் பிறந்தவள், எங்களுடன் சேர்ந்தே கிரீன் கார்டு பெற்றாள். மகனுக்கு ஒன்பது வயது. இங்கே பிறந்தவன், அவனுடைய அமெரிக்க பாஸ்போர்ட் சென்ற ஆண்டு காலாவதியானதை நாங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஊரிலிருந்து வந்து மூன்று மாதங்களாக எங்களுடன் தங்கியிருக்கும் என் அம்மாவிடம் இந்திய பாஸ்போர்ட்டும், பலமுறை வந்து செல்வதற்கான பத்தாண்டு சுற்றுலா விசாவும் உள்ளன.

அமெரிக்கக் குடிமக்கள் இத்தகைய பயணத்துக்குப் பாஸ்போர்ட் இல்லாமலேயே செல்லலாம் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால், நான் குடியுரிமைச் சான்றிதழையும் ஓட்டுநர் உரிமத்தையும் காட்டினால் போதுமா? மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதுமா? மற்றவர்களுக்குச் சிக்கல் இராது என்றே நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடலோரம் (ஹூஸ்டன்)

வணக்கம், தாமிரபரணி. உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த விதி எவருக்கு, எந்தப் பயணத்துக்குப் பொருந்தும் என்பதை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், சிக்கல் இராது என்று நீங்கள் கடந்து சென்ற இடத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

கடல் வழியாகவும் தரை வழியாகவும் அமெரிக்காவுக்குத் திரும்புகிறவர்களுக்கான இன்றைய ஆவண விதிகள் 2009 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றில் ஒரு விலக்கு உண்டு. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு, அதே துறைமுகத்துக்குத் திரும்பி, இடையில் மெக்சிகோ, கனடா, கரீபியன் தீவுகள் போன்ற அண்டைப் பகுதிகளுக்கு மட்டும் சென்று வரும் கப்பலை ‘குளோஸ்டு லூப்’ பயணம் என்பார்கள். அதில் செல்லும் அமெரிக்கக் குடிமகன் குடியுரிமைக்கான சான்று ஒன்றையும், அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை ஒன்றையும் காட்டித் திரும்பி வரலாம். குடியுரிமைச் சான்று என்பது இங்கே பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ். உங்களைப் போன்றவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் புகைப்பட அட்டை தேவையில்லை. ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் ‘ஆம்’ என்பதுதான். மகனின் காலாவதியான பாஸ்போர்ட்டைக் கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால், அதை நம்பாமல் பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள்.

புறப்படும் துறைமுகமும் திரும்பும் துறைமுகமும் வேறாக இருந்தால் இந்த விலக்கு அடிபட்டுப்போகும். கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்கும் பயணத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். சியாட்டிலில் ஏறி, கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்று, சியாட்டிலுக்கே திரும்பும் பயணத்துக்குத் தேவையில்லை. மேலும், அமெரிக்கா தன் குடிமக்களைத் திரும்ப அனுமதிப்பது வேறு, கப்பல் செல்லும் நாடு அவர்களை இறங்க விடுவது வேறு. மார்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில் பாஸ்போர்ட் கேட்பார்கள். உங்கள் பயணத்தில் மெக்சிகோ மட்டும் இருப்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

ஓட்டுநர் உரிமத்தின் மூலையில் நட்சத்திரம் இருந்தால் அதுவே குடியுரிமைச் சான்று என்று நம்மவர்களில் பலர் நினைத்திருக்கிறார்கள். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானங்களுக்குக் கேட்கப்படும் ‘ரியல் ஐடி’ அது. கிரீன் கார்டு உள்ளவருக்கும் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கும்கூட அது கிடைக்கும் என்பதால் குடியுரிமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. குடியுரிமையையும் சேர்த்துக் காட்டும் சிறப்பு உரிமத்தை மிச்சிகன், மின்னசோட்டா, நியூயார்க், வெர்மான்ட், வாஷிங்டன் ஆகிய ஐந்து மாநிலங்களே வழங்குகின்றன. டெக்சாஸில் அது கிடையாது.

இனி உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறையாத, கிரீன் கார்டு வைத்திருக்கும், பெற்றோரின் பராமரிப்பில் இங்கே வாழும் பிள்ளை, தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை பெற்ற நாளிலேயே தானாகவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிடுகிறது. அதாவது, நீங்கள் உறுதிமொழி எடுத்த அன்றே உங்கள் மகளும் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள். ஆனால் அதைச் சொல்வதற்கு அவள் கையில் ஒரு தாள்கூட இல்லை. திருநெல்வேலி மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ் அவளை அமெரிக்கக் குடிமகள் என்று காட்டாது. உங்கள் குடியுரிமைச் சான்றிதழில் அவள் பெயர் இருக்காது. கையில் இருக்கும் கிரீன் கார்டோ அவளுடைய பழைய நிலையைச் சொல்கிறது. சட்டப்படி குடிமகளான ஒருவர் கிரீன் கார்டையும் இந்திய பாஸ்போர்ட்டையும் நீட்டிப் பயணம் செய்வது முறையன்று. அதிகாரி ஒருவர் கூர்ந்து கேட்டால் பதினேழு வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள்?

அவளுக்குத் தனியாகக் குடியுரிமைச் சான்றிதழ் பெற என்-600 என்ற விண்ணப்பம் உண்டு. அதற்குக் கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதைவிட நேரான வழி, அவளுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிடுவது. உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், அவளுடைய கிரீன் கார்டு, இந்தியப் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றுடன் அவளை நேரில் அழைத்துச் சென்று விண்ணப்பியுங்கள். பதினாறு வயது கடந்துவிட்டதால் பத்தாண்டு பாஸ்போர்ட்டே கிடைக்கும். கட்டணம் 130 டாலரும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வதற்கான 35 டாலரும். சாதாரண முறையில் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்கிறார்கள். கூடுதலாக 60 டாலர் கட்டினால் இரண்டு முதல் மூன்று வாரங்கள். தபாலில் போய்வரும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஏழு வாரம்தான் இருக்கிறது என்பதால் 60 டாலரைப் பார்க்காதீர்கள்.

மல்லிகை (கேட்டி)

மகனின் பிறப்புச் சான்றிதழைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன், தம்பி. எந்தப் பிறப்புச் சான்றிதழ் என்பதை இன்று இரவே அலமாரியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இதே துறைமுகத்தில் வரிசையில் நின்றோம். என் இளைய மகளுக்கு அப்போது ஆறு வயது. கோப்பிலிருந்து அவளுடைய சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். ஓரத்தில் தங்க நிறப் பூவேலை, நடுவில் மருத்துவமனையின் பெயர், கீழே கறுப்பு மையில் பதித்த இரண்டு குட்டிப் பாதங்கள். அவள் பிறந்த மறுநாள் செவிலியர் ஒருவர் அன்போடு கொடுத்தது; அதைத்தான் நான் ஆறு ஆண்டுகளாகப் பிறப்புச் சான்றிதழ் என்று எண்ணிப் பத்திரப்படுத்தியிருந்தேன். மேசையில் இருந்த பெண் அதைத் திருப்பிப் பார்த்தார்; விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்; பிறகு, “அம்மா, இது நினைவுப் பரிசு; அரசுப் பதிவாளரின் முத்திரை இதில் இல்லை” என்றார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் சொன்னது சரி.

வீட்டில் இருந்த மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து, என் கணவரின் மேசை இழுப்பறையில் இருந்த உண்மையான சான்றிதழைத் தேடச் சொல்லி, அவர் அதைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பி, துறைமுகத்துக்கு அருகில் அச்சிட்டு வாங்கி வந்து காட்டினோம். நகலையும் ஏற்கலாம் என்று விதி இருந்ததால்தான் அன்று உள்ளே போனோம். நுழைவாயிலை அடைக்க இருபது நிமிடமே இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் என் மகள் பெட்டியின் மீது உட்கார்ந்து, “என்னாலதான் போக முடியலையா அம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கேள்வியை வேறு எந்தப் பிள்ளையும் கேட்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாநிலமோ மாவட்டமோ நகராட்சியோ வழங்கிய, பதிவாளரின் முத்திரை உள்ள சான்றிதழ்தான் வேண்டும். அதில் பெற்றோர் பெயரும் இருந்தால் பின்னாளில் பாஸ்போர்ட்டுக்கும் அதுவே உதவும். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் எவரேனும் இதைப் படித்தால், 2010 ஜூலை 1-க்கு முன் அங்கே வழங்கப்பட்ட சான்றிதழ்கள் செல்லாதவை ஆகிவிட்டன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஒற்றைப்பெயர் (ஆஸ்டின்)

ஆவணங்கள் இருக்கின்றனவா என்பதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவற்றில் இருக்கும் பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நான் கேட்கிறேன். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம் மக்களுக்கு இந்த நாட்டில் எந்த மேசைக்குப் போனாலும் முதலில் வருவது இந்தத் தொல்லைதான்.

என் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அதனால் விசாவில் என் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அதே எழுத்துகள் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் ஏறிவிட்டன. குடியுரிமை வாங்கும்போது நீதிமன்ற ஆணை மூலம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பெயரைச் சீராக்கிக்கொண்டேன். சான்றிதழ் புதிய பெயரில் வந்தது. உரிமமோ பழைய பெயரிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு அவை இரண்டு வெவ்வேறு மனிதர்களுடைய ஆவணங்கள்.

தாமிரபரணி ஐயா, உங்களுக்கும் அப்படி இருந்தால், முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகம், பிறகு உரிமம் வழங்கும் அலுவலகம், அதன் பிறகே பாஸ்போர்ட் என்ற வரிசையில் செல்லுங்கள். காரணம், மூன்று இடங்களிலும் குடியுரிமைச் சான்றிதழின் அசலைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த அசல் தபாலில் போய், தனி உறையில் திரும்பி வரும் வரை உங்கள் கையில் எதுவும் இருக்காது. டெக்சாஸில் உரிமத்தைத் திருத்தக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு தற்காலிகத் தாளைத்தான் தருவார்கள்; அட்டை பின்னர் தபாலில் வரும். அந்தத் தாளை நம்பித் துறைமுகத்துக்குப் போகாதீர்கள்.

உங்கள் மனைவியின் கிரீன் கார்டிலும் இந்திய பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, கப்பல் முன்பதிவில் ஐந்து பேரின் பெயர்களும் ஆவணத்தில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் ஒன்றில் கணவர் பெயரும் மற்றொன்றில் தந்தை பெயரும் இருந்தால், திருமணச் சான்றிதழின் நகல் கூடவே இருக்கட்டும்.

தாமிரபரணி (டாலஸ்)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் என்னுடன் சேர்ந்தே குடிமகள் ஆகிவிட்டாள் என்பதை இன்றுதான் அறிந்தேன்; என் மனைவி இரண்டு முறை படித்துவிட்டு அவளை எழுப்பிச் சொன்னாள். அலமாரியில் தேடியதில் மகனின் சான்றிதழ் மாநில அரசு வழங்கியதுதான் என்பது உறுதியாயிற்று. ஆனால் ஒற்றைப்பெயர் அவர்கள் எழுதியது அப்படியே என் கதை. நீதிபதி முன்னிலையில் பெயரை மாற்றிக்கொண்டேன்; உரிமத்தில் இன்னும் ‘எஃப்என்யூ’தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அம்மாவுக்கு மெக்சிகோ விசா தனியாக எடுக்க வேண்டுமா? எங்களுடன் வர விரும்பும் என் தம்பி எச்-1பி விசாவில் இருக்கிறான். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. ஆனால் பணி நீட்டிப்பு ஒப்புதலும், இங்கே எதுவரை தங்கலாம் என்பதைக் காட்டும் ஐ-94 பதிவும் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அவன் வரலாமா?

கடலோரம் (ஹூஸ்டன்)

அம்மாவுக்குக் கவலை இல்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ உள்ள இந்தியர்களிடம் மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. உங்கள் மனைவிக்கும் அதுவே பொருந்தும். இருவரும் இந்திய பாஸ்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ் விலக்கு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஐந்து நாள் மெக்சிகோ போய்வந்தால் அம்மாவின் ஆறு மாதத் தங்கல் புதிதாகத் தொடங்கும் என்று எண்ணி ஊருக்குத் திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். முப்பது நாளுக்குள் அண்டை நாட்டுக்குப் போய்வருகிறவர்களைப் பொதுவாகப் பழைய ஐ-94-இல் எஞ்சியிருக்கும் காலத்துக்கே அனுமதிப்பார்கள்.

தம்பியின் நிலை நுட்பமானது. முத்திரை காலாவதியானாலும் ஐ-94 செல்லுபடியாக இருந்தால், மெக்சிகோ அல்லது கனடாவுக்கு மட்டும் முப்பது நாள் வரை சென்று, அங்கே புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமல் திரும்புகிறவரை உள்ளே விடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தானியங்கி மறுசெல்லுபடி என்பார்கள். எச்-1பி உள்ளவர்களுக்கு இது அந்த இரண்டு நாடுகளோடு நின்றுவிடுகிறது. எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் கியூபா நீங்கலாக அண்டைத் தீவுகளும் சேரும். ஆகவே, கோசுமெல், புரோக்ரெசோ என்று மெக்சிகோவோடு முடிகிற உங்கள் பயணம் இந்த விதிக்குள் வருகிறது. இதே கால்வெஸ்டனிலிருந்து ஏழு நாள் போகும் கப்பல்கள் பல ஹோண்டுராஸின் ரோவாத்தானிலும் பெலீஸிலும் நிற்கும். ஜமைக்காவுக்குப் போவனவும் உண்டு. அவற்றில் தம்பி ஏறினால் திரும்பி வரும்போது வாசலிலேயே நின்றுவிட நேரிடும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மெக்சிகோ காட்டும் அந்த விசாச் சலுகை செல்லுபடியாகும் அமெரிக்க விசாவுக்குத்தான். காலாவதியான முத்திரைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே தம்பி கப்பல் நிறுவனத்துக்குத் தன் நிலையை விளக்கி மின்னஞ்சல் அனுப்பி, ஏற அனுமதிப்பார்களா என்பதை எழுத்தில் பெறட்டும். தொலைபேசியில் ஒருவர் சொன்ன ‘சரி’ மேசையில் நிற்கும் இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் பதில் வராவிட்டால், என் தம்பியாக இருந்தால் நான் அழைத்துச் செல்ல மாட்டேன்.

வைகைக்கரை (சான் அன்டோனியோ)

கடலோரம் அவர்கள் சொன்னவை அனைத்தும் சரியான தகவல்கள். ஆயினும், தாமிரபரணி அவர்கள் சான்றிதழையும் உரிமத்தையும் வைத்துக்கொண்டே போகலாம் என்ற இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சட்டம் அதை அனுமதிக்கிறது. எல்லாம் திட்டப்படி நடந்தால் அது போதும். எங்களுக்குத் திட்டப்படி நடக்கவில்லை.

நானும் என் மனைவியும் உங்களைப் போலவே குடியுரிமைச் சான்றிதழ்களுடன் சென்றோம். கோசுமெலில் இறங்கிய அன்று பிற்பகல், படகுத்துறைப் படியில் அவள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தீவில் உள்ள மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம், நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். மாலையில், எங்கள் அறையில் இருந்த துணிகளையும் மாத்திரைகளையும் இரண்டு பைகளில் அடைத்து, கப்பல் நிறுவனத்தின் துறைமுக முகவர் மருத்துவமனைக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கப்பலின் விளக்குகள் தெரிந்தன. சிறிது நேரத்தில் அவை நகரத் தொடங்கின.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்ப விமானம் ஒன்றே வழி. விமானத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்ப பாஸ்போர்ட் புத்தகம் வேண்டும். கப்பலுக்குப் போதுமாக இருந்த சான்றிதழ் அங்கே செல்லாது. அவளை மருத்துவமனையில் விட்டுவிட்டு நான் படகில் பிளாயா டெல் கார்மென் சென்று, அங்கிருந்து பேருந்தில் மெரிதா நகரத்தின் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போய், அவசர பாஸ்போர்ட்டுக்கு வழி கேட்டேன். அங்கிருந்தவர்கள் பொறுமையாக உதவினார்கள். இரண்டு பேருக்கும் கிடைத்தது. ஆனால் நடுவில் வார இறுதி வந்துவிட்டது. மொழி தெரியாத ஊரில், எழுந்து உட்கார முடியாத மனைவியை விட்டு வந்த அந்த நாட்களில், 165 டாலரை மிச்சப்படுத்த நினைத்ததற்காக நான் வருந்தாத நேரமே இல்லை.

30 டாலர் பாஸ்போர்ட் அட்டையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கப்பலுக்கும் தரை எல்லைக்கும் அது நல்ல ஆவணம்தான். ஆனால் வெளிநாட்டு விமானத்துக்கு உதவாது. புத்தகத்தை எடுங்கள். எப்படியும் மகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். இருவருக்கும் ஒரே சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால் ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் சான்றிதழின் தெளிவான நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். அசல் தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகும். அதைக் கப்பலுக்கு எடுத்துச் செல்லவே தேவையில்லாமல் போவதும் ஒரு நன்மை. பின்னாளில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுக்கவும் அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும். ஓசிஐ பயண ஆவணம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போதும் பாஸ்போர்ட் வரவில்லை என்றால் கலங்காதீர்கள். பதினான்கு நாட்களுக்குள் வெளிநாட்டுப் பயணம் இருப்பவர்களுக்கு, முன்பதிவைக் காட்டி நேரம் பெற்று நேரில் செல்லும் பாஸ்போர்ட் அலுவலகங்கள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கின்றன.

தாமிரபரணி (டாலஸ்)

வைகைக்கரை ஐயா, உங்கள் மனைவி இப்போது நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, சான்றிதழை வைத்தே போய்விடலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.

சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேற்றுப் பெயரைத் திருத்திக் கொடுத்தேன். உரிமத்துக்கு நாளை காலை நேரம் கிடைத்திருக்கிறது. வரும் வியாழக்கிழமை நானும் மகளும் மகனும் மூவருமாக விரைவு முறையில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். மகன் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவன் என்பதால் பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்றார்கள், மனைவி அன்றைக்கு விடுப்பு எடுத்திருக்கிறாள். தம்பி கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டான். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். திருமணச் சான்றிதழின் அசல் மட்டும் ஊரில் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. பதிவுத் துறையின் இணையதளத்தில் சான்றளிக்கப்பட்ட பிரதிக்கு விண்ணப்பிக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.